பதினான்காம் பக்கத்தில் நின்ற அழகர்

அம்மா போனில் நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்தான். முதலில் காரியம்.

"வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறேன். பரண்ல கெடக்க ஒன் பெட்டிய எடுத்துட்டுப் போறியா, இல்ல பழைய பேப்பர்காரன்ட்ட எடைக்குப் போட்டுரவா?"

'எடைக்கு' என்ற சொல் காதில் விழுந்ததும் பொதிகையில் டிக்கெட் போட்டுவிட்டேன். மறுநாள் விடியக்காலை சிவகாசி. பல்லைக்கூடத் தேய்க்காமல் ஸ்டூல் போட்டு ஏறி, பச்சை டிரங்குப் பெட்டியை இறக்கினேன். மூடியில் வெள்ளை பெயின்டில் 'தொடாதே' என்று பெரிதாக எழுதியிருந்தது. யார் தொடப் போகிறார்கள் என்று எழுதினேனோ தெரியவில்லை. ராமபாணப் பூச்சிக்குப் படிக்கத் தெரியாது என்பது மட்டும் திறந்ததும் தெரிந்தது.

என்னைப் பற்றி ஒரு வரி. பிழைப்புக்கு சினிமா ஸ்டோரிபோர்டு வரைகிறேன். டைரக்டர் "கார் உருளுது" என்பார், நான் ஆறு கட்டத்தில் உருட்டிக் கொடுப்பேன். ஆனால் யாராவது கேட்டால் காமிக்ஸ் ஓவியன் என்றுதான் சொல்லிக்கொள்வேன். முழுதாக முடித்த காமிக்ஸ் இதுவரை மூன்று, மூன்றும் சின்னது. முடிக்காததெல்லாம் அந்தப் பெட்டியில்.

பெட்டியைத் திறந்ததும் பிரஸ் மை வாசனை வந்தது என்று எழுத ஆசைதான். முப்பது வருஷம் எந்த மை வாசனை நிற்கும்? அந்துருண்டை நெடிதான் வந்தது.

மை பற்றிச் சொல்லக் காரணம் அந்தத் தாள்கள். அப்பா ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். வேலை ஓடத் தொடங்கும் முன்னால் கலர் சரிக்கு வர, ரெஜிஸ்டர் உட்கார, அதாவது கலர்கள் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் விழ, கொஞ்சம் தாளைத் தின்னக் கொடுத்தே ஆகவேண்டும். அந்த வேஸ்ட் தாளையே மறுநாள் வேறொரு வேலைக்கும் விட்டுப் பார்ப்பார்கள். அதனால் ஒரே தாளில் காலண்டர் லட்சுமி, அவள்மேல் குருவி வெடி லேபிள், அதற்கும்மேல் எந்த ஊர் ஜவுளிக்கடையின் முகவரியோ. ரெஜிஸ்டர் விலகிய முருகனுக்கு நாலு புருவம். இவற்றை அப்பா கட்டாகக் கட்டி சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவருவார். வெடி லேபிள் அடிக்கிற குரோமோ பேப்பர் ஒரு பக்கம்தான் வழவழப்பு. மறுபக்கம் லேசாகச் சொரசொரக்கும். அந்தப் பக்கத்தில் பென்சில் உட்காருகிற மாதிரி, பிற்பாடு நான் காசு கொடுத்து வாங்கிய எந்தத் தாளிலும் உட்காரவில்லை. என் கதைகள் எல்லாம் தெய்வங்களின் முதுகில் வரையப்பட்டவை.

மொத்தம் பதினோரு கதை. ஒன்றுகூட முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது 1989. நான் எட்டாம் வகுப்பு. கதையின் பெயர் 'கண்ணாடிக்கை கதிர்'. இது எங்கிருந்து வந்தது என்று தமிழ் காமிக்ஸ் படித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 1972இல் முத்து காமிக்ஸ் எங்கள் ஊரில் தொடங்கியபோது வந்த முதல் கதையே இரும்புக்கை மாயாவிதான். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். பெரியப்பா மகன் சேர்த்துவைத்திருந்த, அட்டை போன இதழ்களில் அதைப் படித்தேன். 1962இல் 'வேலியன்ட்' என்ற இங்கிலாந்து வாரப் பத்திரிகையில் தொடங்கிய கதை அது, வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்கிற ஸ்பெயின்காரர் என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது கல்லூரியே முடிந்துவிட்டது. பெயர் தெரியாமலே அவருடைய நிழல்களைத் திருடிக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் போட்ட கணக்கு இப்போது புரிகிறது. ஆள் மறைந்துவிட்டால் முகம் வரைய வேண்டாம், உடம்பு வரைய வேண்டாம். கை மட்டும் போதும். அதையும் கண்ணாடிக் கையாக்கிவிட்டால் நிழல்கூடத் தேவையில்லை, சுற்றிக் கோடு போட்டால் தீர்ந்தது. எட்டாம் வகுப்புப் பையனுக்கு இது சாமர்த்தியம்தான். ஆனால் மனுஷ உடம்பிலேயே வரைவதற்குப் பெரிய கஷ்டம் கைதான் என்பது அவனுக்குத் தெரியாது. முதல் பக்கத்தில் கட்டைவிரல் சுண்டுவிரல் பக்கம் முளைத்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டத்தில் ஆறு விரல். மூன்றாம் பக்கத்திலிருந்து கதிர் அந்தக் கையைக் கால்சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு விடுகிறான். கதையின் ஆயுதமே அந்தக் கை; கதாநாயகன் அதை வெளியே எடுக்காமல் ஊரைச் சுற்றுகிறான்! ஐந்தாம் பக்கத்தில் வில்லனின் பெட்டகத்தைத் திறந்தாக வேண்டும். அங்கே கதை நிற்கிறது.

தரையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்ததில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அடுத்தது 1993, பிளஸ் டூ. டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் முற்றியிருந்த காலம். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கௌபாய். ஏன் கம்பம் என்றால், ஒரே ஒரு தடவை சுருளி அருவிக்குப் போயிருந்தேன், மலையெல்லாம் டெக்ஸ் கதை மாதிரியே இருந்தது. முதல் பக்கத்தில் குதிரை நிற்கிறது. நிற்கிறது என்றால், ஐயனார் கோயில் மண் குதிரை நிற்குமே அந்த மாதிரி: நாலு காலும் தூண், கழுத்து விறைப்பு, முழித்த கண். நான் பார்த்த குதிரை அது ஒன்றுதானே! மூன்றாம் பக்கத்தில் குதிரையைப் பாம்பு கடித்துவிடுகிறது. நாயகன் நடக்கிறான். ஐந்தாம் பக்கத்தில் மாட்டு வண்டி. ஏழாம் பக்கத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், டிவிஎஸ் 50. தொப்பியும் துப்பாக்கியுமாக டிவிஎஸ் 50இல் ஒரு கௌபாய். இன்றைக்கு யாராவது வேண்டுமென்றே இப்படி வரைந்தால் நான் காசு கொடுத்து வாங்குவேன். நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் கொள்ளைக்காரர்கள் ஐந்து பேர் ஐந்து குதிரையில் பாய்ந்து வரவேண்டும். அந்தப் பக்கத்தில் கட்டம் மட்டும் போட்டிருக்கிறது. உள்ளே 'டொக் டொக் டொக்' என்று எழுதியிருக்கிறது.

குதிரை விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு. குதிரை பாயும்போது கால்கள் எப்படி இருக்கும் என்று மனுஷர்களுக்கே ரொம்ப காலம் தெரியாது. ஐரோப்பாவின் பெரிய பெரிய ஓவியர்கள், முன்னங்கால் இரண்டும் முன்னால், பின்னங்கால் இரண்டும் பின்னால் நீட்டிப் பறக்கிற மாதிரி வரைந்துகொண்டிருந்தார்கள். 1821இல் ழெரிக்கோ வரைந்த எப்சம் குதிரைப் பந்தயப் படத்திலும் அப்படித்தான். 1878இல் கலிஃபோர்னியாவில் மைப்ரிட்ஜ் என்பவர் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடுகிற குதிரையைப் படம் பிடித்தபோதுதான், நாலு காலும் தரையை விட்டுக் கிளம்பும் அந்தக் கணத்தில் அவை நீளுவதில்லை, வயிற்றுக்கடியில் சுருங்கி வருகின்றன என்று தெரிந்தது. அதுவரை குதிரையை தினம் பார்த்தவர்களே அதைப் பார்க்கவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள். எனக்கு அன்றைக்கு மத்தியானம்வரை அது உறைக்கவில்லை.

மூன்றாவது கட்டைப் பிரிக்கத்தான் கை தயங்கியது. அது சிரிக்கிற கதை இல்லை.

2000. எனக்கு 24 வயது, மதுரையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை. கதை: அண்ணன் ஜேப்படிக்காரன், 19 வயது. தம்பிக்கு ஆறு. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி, அண்ணன் தொழிலுக்குப் போகிறான். வீட்டில் யாரும் இல்லாததால் தம்பியையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறான். தல்லாகுளத்தில் எதிர்சேவையின்போது ஒரு பர்ஸுக்காகப் பையனின் கையை விடுகிறான். அவ்வளவுதான். விடிந்து அழகர் வைகையில் இறங்கும்வரை அந்தப் பையனைத் தேடுவதுதான் கதை. ஜேப்படிக்காரனுக்குக் கூட்டம்தான் தொழில், கூட்டம்தான் வீடு. அந்த ஒரு ராத்திரி கூட்டம் அவனுக்கு எதிரியாகிறது.

நல்ல கதை. தயங்காமல் சொல்கிறேன், இன்றைக்கும் நல்ல கதை. பதின்மூன்று பக்கம் பிரஷ்ஷால் மை போட்டு முடித்திருக்கிறேன். கோடு சுமார்தான். பழைய ஸ்கெட்சுகளைப் பார்ப்பவர்கள் "இப்ப இருக்கற சுத்தம் அப்ப இல்ல, ஆனா ஒரு உயிர் இருந்துது" என்று உருகுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுத்தமும் இல்லை, உயிரும் பாதிதான். ஆனால் கதை பிடித்து இழுக்கிறது. பர்ஸை எடுத்தபின் அண்ணன் குனிந்து பார்க்கும் கட்டம்: தன் கால், பக்கத்தில் ஒரு சின்னச் செருப்பு. அதை வரைந்தவன் நான்தானா என்று இருந்தது.

பதினான்காவது பக்கம் முழுப் பக்கப் படம். ஏ.வி. பாலத்திலிருந்து பார்க்கிறோம். கீழே வைகை. நடுவில் தங்கக் குதிரை வாகனத்தில் அழகர். (வாகனக் குதிரை ஓடாது. எனக்குக் கிடைத்த ஒரே சௌகரியம்.) சுற்றிலும் ஊரே நிற்கிறது, அந்த ஊருக்குள் எங்கோ ஒரு மூலையில் அந்தப் பையன். வாசகர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அண்ணனுக்கு முன்னால் வாசகர் கண்ணில் பட வேண்டும் என்பது திட்டம்.

அழகர் முடிந்திருக்கிறார். பென்சில்தான், ஆனால் நன்றாகவே வந்திருக்கிறார். தாளின் அடிப்பகுதியில் முப்பது நாற்பது தலைகள், கண் மூக்கோடு. அதற்குமேல் முட்டை முட்டையாகத் தலைகள். அதற்கும்மேல் வெறும் புள்ளிகள். அப்புறம் தாள். பையனை நான் வரையவே இல்லை.

"பதிப்பாளர் கிடைக்கலை, நிறுத்திட்டேன்" என்று இந்தக் கதையைப் பற்றி இருபது வருஷத்துக்கும் மேலாக நண்பர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். நானே நம்பியும் இருக்கிறேன். உண்மை என்னவென்றால் எந்தப் பதிப்பாளரிடமும் காட்டவில்லை. எந்தப் பதிப்பாளரும் இல்லாமலேயே இந்தக் கதை பதினான்காம் பக்கத்தில் நின்றிருக்கிறது.

மிச்சம் இருந்த கட்டுகளை வேகமாகப் பிரித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு யோசனை வந்தது. பதினோரு கதைகளின் கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்து, கூடத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். ஒன்று சைக்கிளில் நிற்கிறது. செயின் பக்கம் தெரிய வேண்டிய கட்டத்தில். ஒன்று நீதிமன்றத்துக்குள் நுழையும்போது. ஒன்று ஒரு பெண் சேலை கட்டிக்கொண்டே பேசும் இடத்தில், கொசுவம் மடிக்கத் தெரியாமல் மடிகிறது. ஒன்று மழையில். ஒரே ஒரு கதை மட்டும், எந்திர மனுஷன் கதை, நியாயமாகவே செத்திருக்கிறது, கதையே மட்டம்.

அம்மா வெற்றிலையை மென்றபடி வரிசையைத் தாண்டி நடந்தாள். நாற்பது வருஷம் பிரஸ்காரரோடு குடித்தனம் நடத்தியவள். "எல்லாத்துலயும் கடைசித் தாளு பென்சிலாவே நிக்கி," என்றாள். "ஒண்ணுகூட மைக்கு வரலயே."

அப்போதுதான் மைப்ரிட்ஜ் குதிரை உறைத்தது. மதுரையில் மூன்று சித்திரை இருந்தேன். மூன்று தடவையும் ஆற்றுக்குப் போனேன். மூன்று தடவையும் அழகரைத்தான் பார்த்தேன். கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. தோல் பையில் தண்ணீர் பீச்சுகிறவர் பையை எந்தக் கக்கத்தில் இடுக்குவார்? கருப்பசாமி வேஷம் கட்டியவர் காத்திருக்கும்போது எங்கே உட்காருவார்? சர்க்கரைச் சொம்பில் சூடம் ஏற்றிப் பிடிக்கும் பெண், பின்னாலிருந்து நெருக்கினால் அந்தத் தீயை எப்படிக் காப்பாற்றுவாள்? மொட்டை போட்டு சந்தனம் பூசிய பிள்ளை தோளில் தூங்கினால் அப்பன் சட்டையில் சந்தனம் எங்கே ஒட்டும்? இதில் ஒன்றுக்குக்கூட எனக்குப் பதில் தெரியாது. தெரியாததால்தான் தலை முட்டையாகி, முட்டை புள்ளியாகி, புள்ளி தாளாகியிருக்கிறது. விகடனில் கோபுலு வரைந்த கூட்டங்களைப் பாருங்கள்: நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு வேலை இருக்கும், ஒருவர் பக்கத்து ஆளிடம் வம்பு பேசிக்கொண்டாவது இருப்பார். அது கைத்திறமை என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அதில் பாதி கண்.

பெரிய ஆட்களும் பாதியில் விட்டிருக்கிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஆலன் மூர் பன்னிரண்டு இதழாகத் திட்டமிட்ட 'பிக் நம்பர்ஸ்' 1990இல் இரண்டு இதழோடு நின்றது. டின்டினை உருவாக்கிய எர்ஜே 1983இல் இறந்தபோது விட்டுப்போன கடைசிக் கதை, 1986இல் கிறுக்கல் வடிவிலேயே புத்தகமாக வந்தது. ஆனால் எர்ஜே விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் விட்ட கதை இல்லை, திரும்ப வரைந்த கதை. ஸ்காட்லாந்தில் நடக்கும் 'கறுப்புத் தீவு' கதையை 1930களில் அவர் பெல்ஜியத்தில் உட்கார்ந்துகொண்டே வரைந்தார். பிற்பாடு இங்கிலாந்தில் அதை வெளியிட இருந்த பதிப்பகத்தார் 131 தப்பு இருக்கிறது என்று பட்டியல் போட்டு அனுப்பினார்கள். எர்ஜே தன் உதவியாளர் பாப் டி மூரை ஸ்கெட்ச் புத்தகத்தோடு அங்கே அனுப்பி, எல்லாவற்றையும் நேரில் பார்த்து வரைந்துவரச் சொன்னார். 1966இல் கதை முழுக்கப் புதிதாக வந்தது. 131 தப்பு என்று யாராவது எனக்கு எழுதியிருந்தால் நான் பென்சிலை முறித்துப் போட்டிருப்பேன்.

பெட்டியில் கடைசியாக ஒரு பாலித்தீன் பை. 2009. அப்பா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. தலைப்பு வைக்கவில்லை. ஏழு பக்கம் மையில், எட்டாம் பக்கம் வழக்கம்போல் பென்சிலில். தீபாவளிக்கு முந்தின மாசங்களில் ராத்திரியும் பகலும் லேபிள் ஓடும். அந்த ராத்திரிகளில் ஒன்று. பையன் அப்பாவுக்குத் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டு போகிறான், மெஷின் நிற்கிறது, அப்பா பிளாங்கெட் மாற்றுகிறார். அதுதான் எட்டாம் பக்கம். மெஷின் என்று ஒரு பெரிய டப்பா போட்டிருக்கிறேன். அதற்குள் அலாரம் கடிகாரத்தில் இருப்பது போல் நாலைந்து பல்சக்கரம். அப்பா அந்த டப்பாவுக்குள் கையை விட்டபடி நிற்கிறார். உள்ளே கை எதைப் பிடித்திருக்கிறது என்று கோட்டுக்கே தெரியவில்லை.

மெஷினில் தாள் வந்து விழுகிற டெலிவரி பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளை அங்கேதான் நிற்க விடுவார்கள். தாள் உள்ளே போகிற பக்கத்தையும் நடுவில் உருளைகள் இருக்கும் இடத்தையும் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் போனால் அப்பா கத்துவார். அவர் போன பிறகு கத்த ஆள் இல்லை, இருந்தும் போகவில்லை.

அப்பா வேலை பார்த்த பிரஸ் இப்போது இல்லை. அவரிடம் ஹெல்பராக இருந்த அண்ணாச்சி ஒருவர் ஊர்க்கோடியில் ஒரு சின்ன பிரஸ்ஸில் இன்னும் மெஷின் ஓட்டுகிறார் என்று அம்மாதான் சொன்னாள். "ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வந்துட்டா அப்புறம் அவரப் பிடிக்க முடியாது. இப்பவே போ." வைகாசி மாசம். போனேன்.

புது நாலு கலர் மெஷின் ஒரு பக்கம் நிற்க, அண்ணாச்சி ஓட்டுவது பழைய சிங்கிள் கலர். அப்பாவைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினோம், அதற்குமேல் இருவருக்கும் வரவில்லை. படம் வரையணும் என்றேன். எதுக்கு என்று கேட்கவில்லை. டீ வேளைக்கு மெஷினை நிறுத்தினார். பேப்பர் பண்டல் மேல் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

தாளை சக்கர் வாய் வைத்து உறிஞ்சித் தூக்குகிறது. கிரிப்பர் அதன் ஓரத்தைப் பல்லால் கவ்வி இழுத்துப் போகிறது. பிளேட்டில் படம் இருக்கிற இடம் மையைப் பிடித்துக்கொள்ளும், இல்லாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையைத் தள்ளும். பிளேட் தாளைத் தொடவே தொடாது. படத்தை பிளாங்கெட் என்கிற ரப்பர் வாங்கிக்கொண்டு, அதுதான் தாளில் ஒற்றி எடுக்கிறது. அதனால்தான் பிளேட்டில் எழுத்து நேராகவே இருக்கும், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பியிருக்காது. சின்ன வயசில் இந்தச் சொற்களையெல்லாம் சோற்றோடு சோறாகக் கேட்டவன் நான். எது எங்கே இருக்கிறது என்று 2009இல்கூட ஒருவரிடமும் கேட்கவில்லை.

முக்கால் மணி நேரத்தில் ஒரு பக்கம் வந்தது. எனக்குத் திருப்தி. டீ கிளாஸோடு வந்த அண்ணாச்சி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தம்பி, கிரிப்பர் என்ன அந்தப் பக்கம் பல்லக் காட்டிட்டு நிக்கி? தாளு எப்படிப் போவும்?"

என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, படத்தின் மேலேயே அழுத்தி ஒரு கோடு போட்டார். கட்டைவிரல் மை தாளில் அப்பியது. துடைக்கப் போனவரைத் தடுத்தேன். அடுத்த தாளை எடுத்தேன். அண்ணாச்சி கிளாஸை பண்டல் மேல் வைத்துவிட்டு ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளி மெஷின் ஓரமாகக் கொண்டுவந்தார்.

"அங்ஙன உக்காந்தா ஒண்ணுந் தெரியாது. செருப்பக் கழத்திட்டு மேல ஏறி நின்னு பாருங்க."